வேலூர்ப் பக்கத்திலிருந்து வானியற்பியல் பிஎச்.டி. வரை: தாள்கள், தேதிகள், செலவுகள்

பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் நேர்காணல். முந்தின நாளே காட்பாடியில் ரயிலேறி, சித்தி வீட்டில் தங்கி, காலை எட்டரைக்கெல்லாம் கையில் ஃபைலோடு போய் உட்கார்ந்துவிட்டேன். இயற்பியல் பிஎச்.டி. சேர்க்கைக்கான ஜெஸ்ட் தேர்வில் நல்ல ரேங்க். முதல் நாள் இரவு வரை குவாண்டம் மெக்கானிக்ஸ் படித்தேன். சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் இருந்தவர் என் சாதிச் சான்றிதழை முன்னும் பின்னும் புரட்டினார். இது மாநில அரசுடையது, மத்திய அரசின் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்று தனியாக இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பொதுப் பிரிவில் என்னைக் கணக்கிடச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். அந்த ஆண்டு காத்திருப்புப் பட்டியலோடு நின்றது.

அடுத்த ஆண்டு கிடைத்தது. இப்போது மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவி. அப்பா குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிறவர், வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. இந்த வழியைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. இயற்பியல் சொல்லிக்கொடுக்க நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள். எந்த மாதம் எந்தத் தாள் வேண்டும் என்பதைச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை. அதற்காகவே இது.

1. பிளஸ் டூ முடித்ததும்

‘வானியற்பியல்’ என்று பெயர் போட்ட பட்டப்படிப்பைத் தேடி அலையாதீர்கள். பி.எஸ்சி. இயற்பியல் போதும். ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங் சேர்ந்தால் நட்சத்திர ஆராய்ச்சிக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், அது ராக்கெட்டும் விமானமும் செய்கிற படிப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பிளஸ் டூ முடிக்கும்போதே எழுதக்கூடிய தேர்வுகள் உண்டு. அறிவியல் படிப்புக்கான மத்திய அரசின் ஐசர் நிறுவனங்களுக்கு ஐஏடி, அதே போன்ற புவனேஸ்வர் நைசருக்கு நெஸ்ட், விண்வெளித் துறையின் திருவனந்தபுரம் ஐஐஎஸ்டிக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு. இவை கிடைத்தால் பாதி வழி சுலபம். எனக்குத் தெரியாது, எழுதவில்லை. உங்கள் பள்ளியில் நீட் பற்றி மட்டும் பேசினால் நீங்களாகவே தேடி விண்ணப்பியுங்கள்.

கிடைக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. ஊரீசு, முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, பெண்களுக்கு ஆக்சீலியம், டி.கே.எம்., மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரி, திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி என்று நம் பக்கத்திலேயே கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 வரும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். அந்தப் பணத்தைத் தொடாமல் சேர்த்தால் பின்னால் வருகிற தேர்வுக் கட்டணம் மொத்தமும் அதிலேயே முடிந்துவிடும்.

கல்லூரிப் பாடத்திட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள், பழைய மடிக்கணினியாக இருந்தாலும் லினக்ஸ் போட்டுப் பழகுங்கள். இன்றைக்கு நான் வேலை செய்கிற நேரத்தில் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் இருப்பது வருடத்துக்குச் சில இரவுகள்தான். மிச்சமெல்லாம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து.

2. காவலூருக்கு ஒரு முறை போய்வாருங்கள்

இது கட்டாயமில்லை. ஆனால் நம் ஜவ்வாது மலைக் காவலூரில், முன்பு வட ஆற்காடு என்று இருந்த மாவட்டத்துக்குள்ளேயே, வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. வேலூரில் பிறந்து வானியல் படிக்க ஆசைப்பட்டு, அதைப் பார்க்காமல் நேர்காணலுக்குப் போய் உட்கார்ந்தால் உங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும்.

பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் பார்வை நேரத்தை, அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வாணியம்பாடி போய், ஆலங்காயம் போய், அங்கிருந்து ஜமுனாமரத்தூர்ச் சாலையில் மேலே ஏற வேண்டும். இரவில் இறங்கப் பேருந்து இருக்குமா என்று ஆலங்காயத்திலேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் நால்வர் கேட்காமல் போனோம். திரும்பும்போது ஒரு தக்காளி வண்டிக்காரர் இரக்கப்பட்டார்.

நவம்பரில் போகாதீர்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் மேகத்தைத்தான் பார்ப்பீர்கள். ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம்.

3. சான்றிதழ்கள்: தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

முதலில் பெயர். நம் ஊர் இனிஷியல்தான் பெரிய வில்லன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், ஆதாரில் முன்னால் இனிஷியல், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக, வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லாமல். தேர்வு விண்ணப்பத்தில் பெயரை ஒரு விதமாகப் போட்டுவிட்டு, அடையாள அட்டை இன்னொரு விதமாக இருந்தால் தேர்வு மைய வாசலிலேயே பேச்சு தொடங்கும். பத்தாம் வகுப்புப் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப ஆதாரை முதலில் திருத்துங்கள், பிறகு மற்றவை. பிறந்த தேதியையும் அப்படியே ஒத்துப் பாருங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். பள்ளியில் வாங்கிய பி.சி. அல்லது எம்.பி.சி. சான்றிதழ் நிரந்தரமானது, மாநில வேலைக்கும் மாநிலக் கல்லூரிக்கும் அது செல்லும். மத்திய நிறுவனங்களுக்கு ஓபிசி நான்-கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவில் வராதவர்) என்ற வேறு தாள் வேண்டும். மத்திய அரசின் படிவத்தில், தாசில்தார் கையெழுத்தோடு, நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு. போன மார்ச்சில் வாங்கியதை இந்த ஜூன் நேர்காணலுக்குக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள், மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

வாங்கும் வழி: இ-சேவை மையத்தில் முதலில் கேன் எண் (விண்ணப்பிப்பவருக்கான அடையாள எண்) பதிந்துகொள்ளுங்கள். அப்பாவின் ஆதார், குடும்ப அட்டை, உங்கள் மாநிலச் சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், புகைப்படம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றுவார்கள். கட்டணம் ₹60. பிறகு விண்ணப்பம் விஏஓவிடம் போகும், வருவாய் ஆய்வாளரிடம் (ஆர்.ஐ.) போகும், கடைசியில் தாசில்தார் அலுவலகம். எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. அதில் பதினோரு நாள் விஏஓ மட்டத்திலேயே கிடந்தது. விண்ணப்பித்த மூன்றாம் நாளே அசல் தாள்களோடு நேரில் போய் நின்றால் வேகமாக நகர்கிறது. அப்பா தறியை நிறுத்திவிட்டு என்னோடு வந்தார்.

இங்கே ஒரு பொறி. கிரீமி லேயர் வரம்பான ஆண்டுக்கு ₹8 லட்சத்தைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. இதைத் தெரியாமல், அப்பா சம்பளக்காரர், நமக்குக் கிடைக்காது என்று விண்ணப்பிக்காமலே விட்ட தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள் அப்பா பள்ளி ஆசிரியர். ஆனால் பெற்றோரின் பதவி நிலைக்கென்று தனி விதியும் உண்டு, உயர் அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு அது வேறு மாதிரி. உங்கள் நிலை எதில் வருகிறது என்று படிவத்தை வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.

எஸ்சி, எஸ்டி மாணவர்களும் சான்றிதழ் மத்திய அரசு கேட்கும் வடிவில் இருக்கிறதா என்று ஒரு முறை சரிபார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது, பல்கலைக்கழகத் தாள்கள். இறுதி செமஸ்டர் முடிவு ஜூன், ஜூலை என்று இழுக்கும். ஆய்வு நிறுவனங்களில் சேர்க்கை ஜூலைக் கடைசியில் அல்லது ஆகஸ்டில். இடையில் புரொவிஷனல் (தற்காலிகப் பட்டச் சான்றிதழ்), ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், மைக்ரேஷன் (வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான சான்றிதழ்) ஆகிய நான்கும் கைக்கு வர வேண்டும். நான் படித்த பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். அங்கே மைக்ரேஷனுக்குக் கட்டிய ரசீதை நான் தொலைக்கவில்லை, அவர்கள் தொலைத்தார்கள். ரசீதின் நகலைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்ததால் பிழைத்தேன். கவுன்டரில் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கொடுப்பதற்கு முன் ஒரு படம்.

உங்கள் மதிப்பெண் சிஜிபிஏயில் இருந்தால் அதைச் சதவீதமாக மாற்றும் சூத்திரத்தைக் கல்லூரி லெட்டர்ஹெட்டில் வாங்கி வையுங்கள். கேட்பார்கள். நீங்களாகப் பத்தால் பெருக்கிப் போட்டால் ஏற்க மாட்டார்கள்.

இன்னொன்று. எதையும் லேமினேட் செய்யாதீர்கள். என் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை மாமா பாசத்தோடு லேமினேட் செய்து கொடுத்தார். பின்பக்கம் முத்திரை வைக்க இடமில்லாமல் போன கதை தனி.

4. எந்தத் தேர்வு, எந்த மாதம்

பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டில் ஜாம். செப்டம்பர், அக்டோபரில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. ஐஐடிகளில் எம்.எஸ்சி., பெங்களூரு ஐஐஎஸ்சியில் இன்டகிரேட்டட் பிஎச்.டி. இரண்டுக்கும் இது வழி. கிடைக்கவில்லையென்றால் நம் பக்கத்திலேயே எம்.எஸ்சி. படிக்கலாம், நான் அப்படித்தான்.

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டுதான் நெருக்கடியான ஆண்டு, பிஎச்.டி.க்கான தேர்வுகள் எல்லாம் அப்போதுதான். கேட் தேர்வுக்கு ஆகஸ்டுக் கடைசியிலிருந்தே இணையதளத்தைப் பார்க்கத் தொடங்குங்கள், தேர்வு பிப்ரவரியில். ஜெஸ்ட் விண்ணப்பம் குளிர்காலத்தில் வரும், தேர்வு பிப்ரவரி அல்லது மார்ச்சில். சிஎஸ்ஐஆர் நெட் ஜூனிலும் டிசம்பரிலும் என்று பெயர், நடக்கும் தேதி தள்ளிப்போவது வழக்கமாகிவிட்டது. செமஸ்டர் தேர்வுக்கும் இதற்கும் நடுவில் எம்.எஸ்சி. புராஜெக்ட் வேறு. ஒரு பெரிய காலண்டர் வாங்கிச் சுவரில் மாட்டி, விண்ணப்பக் கடைசித் தேதியைச் சிவப்பில் எழுதுங்கள். நான் எங்கள் தெரு மளிகைக் கடையின் தினசரிக் காலண்டரில் எழுதிவைத்தேன். அம்மா தாளைக் கிழிக்கும்போது அந்தத் தேதியும் குப்பைக்குப் போனது. மாதக் காலண்டர் வாங்குங்கள்.

எல்லாத் தேர்வையும் ஒரே மாதிரி படிக்க முடியாது. கேட் 65 கேள்வி, 100 மதிப்பெண், மூன்று மணி நேரம், அதில் 15 மதிப்பெண் பொது அறிவுத்திறனுக்கு. அந்த 15-ஐ இயற்பியல் பிள்ளைகள் மதிப்பதே இல்லை, கையில் வருகிற மதிப்பெண் அது. நெட்டில் கடைசிப் பிரிவின் ஒரு கேள்விக்கு 5 மதிப்பெண், அதனால் தெரிந்த சிலவற்றை ஆழமாகப் போடுகிறவர் ஜெயிப்பார். ஜெஸ்ட் யோசிக்க வைக்கும் தேர்வு. சூத்திரத்தை மனப்பாடம் செய்து அங்கே போனால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், ராமன் ஆராய்ச்சி நிறுவனம், புனே ஐயூகா, நைனிடால் ஏரீஸ் போன்ற ஆய்வு நிறுவனங்களுக்குப் போக நினைத்தால் ஜெஸ்டுக்கு முதலிடம் கொடுங்கள் என்பது என் கருத்து. பழைய வினாத்தாள்கள் பத்து ஆண்டுக்குப் போடுங்கள்.

கட்டணம்: 2025 கேட் தேர்வுக்குப் பொதுவாக ₹1,800. பெண்கள், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு ₹900. ஓபிசி பையன்களுக்குச் சலுகை கிடையாது, முழுத் தொகைதான். கடைசித் தேதி தாண்டினால் இரண்டு பிரிவுக்கும் ₹500 கூடுதல். அவ்வப்போது ஏறுகிறது, அதனால் கொஞ்சம் சேர்த்தே எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தைக் கடைசி நாள் இரவு பதினோரு மணிக்குப் பிரவுசிங் சென்டரில் போடாதீர்கள். புகைப்படம், கையெழுத்து அளவு ஒத்துவராமல் இரண்டு முறை திருப்பி அனுப்பியது எனக்கு.

5. கோடைப் பயிற்சி

இதை விட்டதுதான் என் முதல் ஆண்டுத் தோல்விக்குச் சாதிச் சான்றிதழுக்கு அடுத்த காரணம். நேர்காணலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூவரும் எங்காவது இரண்டு மாதம் வேலை பார்த்திருந்தார்கள்.

அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகை, ஐயூகாவின் விடுமுறை மாணவர் திட்டம், மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனமான டிஐஎஃப்ஆரின் வருகை மாணவர் திட்டம் என்று பல இருக்கின்றன. பயிற்சி மே, ஜூனில். விண்ணப்பமோ அதற்கு முந்தின ஆண்டின் இறுதியிலேயே தொடங்கிவிடும். ஏப்ரலில் தேடினால் எல்லாம் மூடியிருக்கும். ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. அங்கே மாணவர்கள் தாங்களே பல்சார் என்ற துடிப்பு நட்சத்திரத்தை நோக்கிப் பார்க்கும் முகாம் நடத்துகிறார்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தவறவிடக் கூடாதது.

பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். ஆசிரியரிடம் மூன்று வாரம் முன்பே சொல்லுங்கள், கூடவே உங்கள் மதிப்பெண், செய்த புராஜெக்ட், எதற்காக விண்ணப்பிக்கிறீர்கள் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். “நல்ல மாணவி, ஒழுக்கமானவர், வருகைப்பதிவு சிறப்பு” என்று இரண்டு வரிக் கடிதம் வந்தால் அது ஆசிரியர் தவறு மட்டுமில்லை. எழுத அவருக்கு நாம் விஷயம் கொடுக்கவில்லை.

6. நேர்காணல்

மே, ஜூனில் நடக்கும். மூன்று, நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள், கையில் சாக்பீஸ் கொடுப்பார்கள். உங்களுக்குப் பிடித்த இரண்டு பாடங்களைச் சொல்லச் சொல்வார்கள். பிடித்ததென்று சொன்னதில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

என்னிடம் கேட்டது: சூரியனின் மையத்தில் வெப்பநிலை எவ்வளவு இருக்கும், மதிப்பிட்டுச் சொல். எண் எனக்குத் தெரியும், 1.5 கோடி கெல்வின். சொன்னேன். எப்படி வந்தது என்றார்கள். ஒரு புரோட்டானின் ஈர்ப்பு ஆற்றலையும் வெப்ப ஆற்றலையும் சமமாக வைத்துப் பலகையில் போட்டேன். கிட்டத்தட்ட 2.3 கோடி வந்தது. தப்பாகிவிட்டது என்று அழிக்கப் போனேன். ஒரு பேராசிரியர் கையை நீட்டித் தடுத்தார். அந்த அளவுக்கு நெருங்கினால் போதும், ஏன் கூடுதலாக வந்தது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். அடுத்த இருபது நிமிடம் அதிலேயே போனது.

ஆங்கிலம் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். எழுதிக்கொண்டே பேசினேன். வார்த்தை சிக்கினால் சமன்பாட்டைக் காட்டினேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். சுற்றி வளைத்தால் இன்னும் மூன்று கேள்வி வரும்.

7. சேர்ந்த முதல் மூன்று மாதம்

உதவித்தொகை ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) விகிதத்தில் மாதம் ₹37,000, இரண்டு ஆண்டுக்குப் பிறகு ₹42,000. 2023 ஜனவரியிலிருந்து இந்த விகிதம். விடுதி இல்லாவிட்டால் வாடகைப்படி தனி. வீட்டில் எல்லோரும் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்கள், கேட்கும் முன்பே கடன் அடைக்கத் திட்டம் போடுவார்கள். ஒன்று சொல்லிவிடுங்கள்: முதல் பணம் வர இரண்டு, மூன்று மாதம்கூட ஆகலாம். எனக்குச் சேர்ந்து எழுபது நாள் கழித்து ஒட்டுமொத்தமாக வந்தது. அதுவரை சாப்பாடு, முன்பணம், போக்குவரத்து என்று ₹25,000 ஆனது, அத்தை நகையை வைத்துக் கொடுத்தார்.

முதல் ஆண்டு பாட வகுப்புகள். அதில் தேறினால்தான் ஆய்வு. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரைகளைப் பார்ப்பதைவிட, அவரிடம் இப்போது இருக்கும் மூத்த மாணவர்களோடு கேன்டீனில் ஒரு டீ சாப்பிடுங்கள். யார் மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிறார், யார் ஆறு மாதம் கட்டுரையைப் படிக்காமல் வைத்திருக்கிறார் என்பது அங்கே தெரியும்.

8. ஆய்வு என்பது என்ன வேலை

சிவப்பு ராட்சத நட்சத்திரங்களில் லித்தியம் இருக்கிறதா என்று நான் பார்க்கிறேன். லித்தியம் 25 லட்சம் கெல்வின் வெப்பத்திலேயே எரிந்துபோகும் தனிமம். நட்சத்திரம் வயதாகி ஊதும்போது வெளியடுக்கு உள்ளே போய்க் கலந்துவிடுவதால், மேலே மிஞ்சியிருப்பது சொற்பமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நூற்றில் ஒன்று போல, சில ராட்சதர்களிடம் நிறைய இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்த்தால் 6708 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தின் பக்கத்தில், லித்தியம் ஒளியை உறிஞ்சிய ஒரு சிறு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தின் ஆழம்தான் என் மூன்று ஆண்டு.

அதற்குத் தொலைநோக்கி நேரம் வேண்டும். சும்மா போய் நிற்க முடியாது. எந்த நட்சத்திரம், ஏன், எத்தனை இரவு, எவ்வளவு நேரம் ஒளி சேர்க்க வேண்டும் என்று சில பக்க விண்ணப்பம் எழுத வேண்டும், ஒரு குழு படித்து ஒதுக்கும். புனே அருகே இருக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கிக்கு ஏப்ரல் தொடங்கி ஆறு மாதம், அக்டோபர் தொடங்கி ஆறு மாதம் என்று சுழற்சி. மற்றவற்றுக்கும் இப்படித் தனித்தனித் தேதிகள் உண்டு, இரண்டாம் ஆண்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

என் முதல் விண்ணப்பத்தில் காவலூருக்கு நான்கு இரவு கேட்டேன், இரண்டு கிடைத்தது. டிசம்பர் கடைசி வாரம். வேலூர்க்காரி, அந்த மலையின் மழை தெரியாதா என்று வழிகாட்டி கேட்டார். தெரியும். விண்ணப்பம் எழுதும்போது மறந்துவிட்டேன். முதல் இரவு ஈரப்பதம் ஏறிக் குவிமாடத்தைத் திறக்கவே இல்லை. இரண்டாம் இரவு இரண்டரை மணிக்கு மேகம் விலகியது. ஒரே ஒரு நட்சத்திரத்தில் நாற்பது நிமிடம் வைத்தோம், மறுபடி மூடிக்கொண்டது. அந்த ஒரு நிறமாலையில் பள்ளம் இருந்தது. தொலைநோக்கியை இயக்கும் அண்ணா, “இதுக்காம்மா குடியாத்தத்துலருந்து வந்தே?” என்று கேட்டுக்கொண்டே கடுங்காப்பி ஊற்றினார்.

காவலூரில் இரவு கேட்பதாக இருந்தால் பிப்ரவரி, மார்ச் என்று எழுதுங்கள். போகும்போது கம்பளிக் குல்லா, ஒரு டார்ச் சிவப்புத் தாள் ஒட்டி, தரவைப் பிரதியெடுக்க இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்று போதாது, என்னுடையது மலையிறங்கும் வழியில் பேருந்து மேல் தட்டிலிருந்து விழுந்தது.